எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் உண்டு. சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் அதில் வரும். தஞ்சாவூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வருடா வருடம் அந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கூட்டு வட்டிச் சூத்திரத்தைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளை மிரட்டியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட ஆசாமி கிரெடிட் கார்டு வட்டியில் மாட்டிக்கொண்டு முழித்தது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. போகவேண்டிய இடத்தில் மானம் ஏற்கெனவே போய்விட்டதால், இனி எழுதலாம்.

கார்டு என் கைக்கு வந்தது 2016 கடைசியில். நவம்பர் 8 ராத்திரி, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு ஊரே ஏடிஎம் வாசலில் நின்ற சமயம். டை கட்டிய பையன் ஒருவன் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். "சார், இனிமே எல்லாமே கார்டுதான். ரெண்டு மாசச் சம்பளச் சீட்டு, பான் கார்டு ஜெராக்ஸ், ஒரு போட்டோ, அவ்ளோதான்" என்றான். நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டோம். மற்றவர்கள் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் தேய்த்தேன். பில் வந்ததும் முழுசாகக் கட்டினேன். இரண்டு வருடம் வட்டி என்று பத்துப் பைசா கொடுத்ததில்லை. அந்த இரண்டு வருட ஒழுங்குதான், இந்தக் கார்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பைக் கொடுத்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. என் மாமனார் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு நாள் கழித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோப்பில் தென்னை மரங்கள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. வீட்டின் பின்கட்டில் ஓடு இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமனார் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் எத்தனை மரம் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத்தான் கை பரபரத்தது. தஞ்சாவூர் திரும்பியதும் தகரம், இரும்புக் குழாய், ஒரு இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் வாங்கி, வண்டி பிடித்து அனுப்பிவைத்தேன். எல்லாம் கார்டு. மொத்தம் நாற்பதாயிரம் ரூபாய். மாமனார் போனில், "மாப்பிள்ளை, ஏன் இந்தச் சிரமம்" என்றார். அந்த வார்த்தைக்காக இன்னொரு நாற்பதாயிரம்கூடத் தேய்த்திருப்பேன்.

"ஏதுங்க இவ்வளவு பணம்?" என்று மனைவி கேட்டாள்.

"அரியர் வந்துச்சு."

அரியர் ஒன்றும் வரவில்லை. எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியாது. அடுத்த மாதம் தபாலில் பில் வருமே என்ற பயத்தில் அன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து, இனிமேல் பில்லை ஈமெயிலில் அனுப்பினால் போதும் என்று மாற்றிக்கொண்டேன். எந்த ஈமெயில்? எப்போதோ ஒரு பயிற்சி வகுப்புக்காகத் தொடங்கி, பிறகு நானே எட்டிப் பார்க்காத ஒன்று.

முழுசாகக் கட்ட முடியாதவர்களுக்கு என்று பில்லில் ஒரு தொகை போட்டிருப்பார்கள். குறைந்தபட்சத் தொகை. என் கார்டில் அது மொத்த பாக்கியில் ஐந்து சதவீதம். நாற்பதாயிரத்துக்கு இரண்டாயிரம். இரண்டாயிரம் கட்டினால் போன் வராது, அபராதம் கிடையாது, கௌரவம் குறையாது. மாதா மாதம் மொபைலிலேயே கட்டினேன். வட்டி மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு நாற்பத்திரண்டு. நாற்பதாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 1,400. வட்டிக்கு மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி, 252. ஆக, நான் கட்டிய இரண்டாயிரத்தில் 1,652 அப்படியே போய்விடும். அசலில் குறைவது 348 ரூபாய். இதைக் கணக்குப் போட ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் இரண்டு வருடம் ஒதுக்கவில்லை. பில்லிலேயே ஒரு எச்சரிக்கை அச்சடித்திருக்கும், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று. பில்லைத் திறந்தால்தானே எச்சரிக்கை கண்ணில் படும்.

2021 ஜனவரியில் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் போட்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். பணம் கைக்கு வந்த தைரியத்தில் முதல்முறையாகக் கார்டு பாக்கியைப் பார்த்தேன். ஜனவரி 18-ஆம் தேதி பில்லில் மொத்த பாக்கி 32,440 ரூபாய். இரண்டு வருடத்தில் நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன், நாற்பதாயிரம் கடன் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமாகத்தான் ஆகியிருக்கிறது. வயிற்றைக் கலக்கியது. பிப்ரவரி 7 கெடு. இரண்டு நாள் முன்னதாகவே, 5-ஆம் தேதி, பில்லில் இருந்த தொகையைப் பைசா குறையாமல் கட்டினேன். 'பணம் பெறப்பட்டது, நன்றி' என்று குறுஞ்செய்தி வந்தது.

அப்போது பள்ளிக்கூடம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும்தான் திறந்திருந்தது. எட்டாம் வகுப்பு அறை காலி. அங்கே போய், சார்ட் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, கார்டை சிப்புக்கு நடுவே குறுக்காக வெட்டினேன். பிளாஸ்டிக் அவ்வளவு சுலபமாக வெட்டுப்படாது. கத்தரிக்கோல் வழுக்கி, கட்டை விரலில் தோல் கிழிந்தது. விடாமல் எட்டுத் துண்டாக்கி, யாரும் பொறுக்கி ஒட்டிவிடக் கூடாதே என்று பாதியைப் பள்ளிக் குப்பைத் தொட்டியிலும், மீதியை வழியில் ஒரு தொட்டியிலும் போட்டேன். போனிலிருந்து அந்த வங்கியின் ஆப்பை நீக்கினேன். கடன் தீர்ந்தது, கார்டை மூடியாயிற்று, மனைவிக்கும் தெரியாமல் முடிந்தது என்று அன்றைக்கு டிகிரி காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வங்கியைக் கூப்பிட்டு, கணக்கை மூடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. வெட்டினால் மூடிய மாதிரிதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவ்வப்போது தெரியாத எண்களிலிருந்து போன் வரும். ஒரு பெண் குரல், "வணக்கம் சார், உங்க கிரெடிட் கார்டு விஷயமா பேசறோம்" என்று ஆரம்பிக்கும். "வேண்டாம்மா, போதும்" என்று வைத்துவிடுவேன். புதிதாக இன்னொரு கார்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் எண்ணம். அடுத்த தடவை அந்த எண்ணைத் தடை செய்துவிடுவேன். ஸ்டாஃப் ரூமில் இதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்: "அவங்க பேச்சுக்கு நின்னோம்னா தொலைஞ்சோம் சார். பட்டுன்னு வெச்சிடணும்." சின்ன வயசு ஆசிரியர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருடம் போயிற்று. நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. மனைவிக்கு அந்த வீட்டின் அடுப்படி பிடித்துப்போனது. கிழக்குப் பார்த்த ஜன்னல், பக்கத்திலேயே துவைகல், கிணற்றில் தண்ணீர். இருபத்தைந்து லட்சம் கடன் தேவைப்பட்டது. 2022 பிப்ரவரி முதல் வாரம், அரை நாள் லீவு போட்டுவிட்டு, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு இரண்டு பேரும் போனோம். கார்டு கொடுத்த வங்கி வேறு, இது வேறு.

மேனேஜர் தங்கமான மனிதர். பள்ளிக்கூட வாத்தியார் என்றதும் நாற்காலியைச் சரிசெய்து உட்காரவைத்தார். சம்பளச் சீட்டைப் பார்த்தார். வேறு கடன் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவியும், "கடன்னாலே இவருக்கு ஆகாது சார்" என்று சேர்த்துக்கொண்டாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே பான் எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எலியை மேலும் கீழும் உருட்டினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

சிபில் அறிக்கை. மேலே ஸ்கோர், அறுநூற்றுச் சொச்சம். முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை போகும் அளவில் எழுநூற்றைம்பதுக்கு மேல் இருந்தால்தான் வங்கிக்காரர்கள் முகம் மலரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கீழே ஒரு அட்டவணை. மூன்று வருடத்து மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்றிலக்க எண். ஆரம்பத்தில் எல்லாம் சுழி, சுழி, சுழி. 2021 பிப்ரவரி வரை சுழி. மார்ச்சில் 021. ஏப்ரலில் 051. மே 082. ஜூன் 112. ஜூலை 143.

எண் வரிசையைக் கண்டால் அடுத்த எண் என்ன என்று யோசிப்பது என் தொழில் புத்தி. மனம் தானாகவே கழித்துப் பார்த்தது. முப்பது, முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று. மாதத்துக்கு எத்தனை நாளோ அத்தனை கூடுகிறது. ஆக இது நாள் கணக்கு. எதிலிருந்தோ நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறார்கள். டிசம்பர் கட்டத்தில் 296 இருந்தது. அதற்கு நேரே இடப்பக்கம், நான் எட்டுத் துண்டாக வெட்டிப் போட்ட கார்டின் வங்கிப் பெயர். நிலை என்ற இடத்தில், கணக்கு திறந்திருக்கிறது.

"கட்டவேண்டிய தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கறது சார் இது" என்றார் மேனேஜர், மெதுவாக. "எட்டாயிரத்துச் சொச்சம் பாக்கி காட்டுது. உங்க கார்டுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி திரைப் பக்கம் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. மேனேஜரிடம்தான் கேட்டாள்: "சார், இதைக் கட்டிட்டா முடிஞ்சிருமா?"

"பாக்கி முடிஞ்சிரும்மா. இந்த நம்பருங்க இருக்கும்."

வெளியே வந்து, வண்டியில் ஏறப் போகும்போதுதான் பேசினாள். நான் கஜா புயல், தகரம், இன்வெர்ட்டர் என்று ஒப்பித்து முடித்தேன். "எங்க அப்பா உங்ககிட்ட கேட்டாரா?" என்றாள். "கீத்து போட்டுட்டு இருந்திருப்பாரு." வீடு வரைக்கும் வேறு பேச்சு இல்லை.

அன்று ராத்திரி அந்தப் பழைய ஈமெயிலைத் திறந்தேன். கடவுச்சொல் மறந்துபோய், அதை மீட்பதற்கே பாதி ராத்திரி ஆயிற்று. பில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு பிடிஎஃபுக்கும் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும் போட்டால்தான் திறக்கும். என் பெயரையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

2021 பிப்ரவரி 18 பில்லில் மொத்த பாக்கி 793 ரூபாய். நான் ஒரு பொருளும் வாங்கவில்லை. வட்டி 672, ஜிஎஸ்டி 121.

முதலில் கோபம்தான் வந்தது. சொன்ன தொகையைச் சொன்ன தேதிக்கு முன்னால் கட்டியவனிடம் என்ன வட்டி? பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பில் என்பது ஜனவரி 18-ஆம் தேதியோடு நிறுத்திப் போட்ட கணக்கு. மாதா மாதம் முழுசாகக் கட்டிவருகிற ஆளுக்கு அன்றிலிருந்து கெடு வரைக்கும் வட்டி கிடையாது. பாக்கி வைத்துக்கொண்டே வருகிற ஆளுக்கு அந்தச் சலுகை போய்விடும். அவனுக்கு ஒரு நாள்கூட மீட்டர் நிற்காது. ஜனவரி 19-லிருந்து நான் பணம் கட்டிய பிப்ரவரி 5 வரைக்கும் பதினெட்டு நாள். 32,440 ரூபாய்க்கு வருடம் நாற்பத்திரண்டு சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 37 ரூபாய் 33 காசு. பதினெட்டால் பெருக்கினால் 672. வங்கிக்காரன் ஒரு ரூபாய் கூடப் போடவில்லை. கார்டோடு வந்த விதிமுறைப் புத்தகத்திலும் இது இருந்தது. ஸ்டாஃப் ரூம் மேஜையில் கையெழுத்துப் போட்ட அன்று நான் புரட்டாமல் விட்ட பக்கம்.

மார்ச் பில்: பழைய பாக்கி 793, அதற்கு வட்டி 28, தாமதக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 95. மொத்தம் 1,416. ஏப்ரலில் 2,065. ஜூலையில் 4,176. தாமதக் கட்டணத்துக்கு வட்டி, வட்டிக்கு வரி, அந்த வரிக்கும் சேர்த்து அடுத்த மாதம் வட்டி. டிசம்பரில் 8,317. 2022 ஜனவரியில் இவற்றோடு கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் வேறு, வரியோடு 590 ரூபாய். எட்டுத் துண்டாகக் குப்பைக்குப் போன கார்டுக்கு ஆண்டுக் கட்டணம். மொத்தம் 9,840. அதில் தாமதக் கட்டணம் மட்டும் 5,500. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் ஆவென்று பார்க்கும் உதாரணம் இது. கையில் பேனாவை வைத்துக்கொண்டு நான்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போது எழுந்து வந்தாளோ, மனைவி பின்னால் நின்றிருந்தாள். பேப்பரில் 793-ஐச் சுற்றி நான் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"கீழவாசல்ல என் வளையலை மீக்கப் போனோமே, கடைக்காரர் என்ன செஞ்சாரு? அன்னிக்குத் தேதி வரைக்கும் வட்டி போட்டு, இவ்வளவுன்னு சொன்னாரு. கட்டினோம். வளையலைக் கையில குடுத்தாரு, சீட்டை வாங்கிக் கிழிச்சாரு. அந்த மாதிரி இவங்ககிட்ட நீங்க கேக்கலையா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டு வருடமாகக் கட்டாமல் இழுத்த ஆள் என்று போனில் இருக்கிற பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்று இருந்தது. முகம் தெரியாத ஒருத்தி முன்னால் கௌரவம் காப்பாற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் அந்த வங்கிக்குப் போன் செய்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வசூல் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒருவர் மிக இனிமையாகப் பேசினார். "ஐயாயிரம் கட்டுங்க சார், செட்டில்மென்ட்ல முடிச்சுக்கலாம்" என்றார். பாதிக்குப் பாதி லாபம். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைத் தட்டி, "அதை எப்படி எழுதுவாங்கன்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். அப்படி முடித்தால் சிபிலில் 'செட்டில்டு' என்று போடுவார்களாம். முழுசாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு'. முதல் வார்த்தை, வாங்கிய கடனைப் பாதியில் விட்ட ஆள் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும். முழுசாகவே கட்டுகிறேன் என்றேன்.

"ஸ்டேட்மென்ட்ல 9,840 இருக்கு சார். அதைக் கட்டிடுங்க."

"இன்னைக்குத் தேதி வரைக்கும் வட்டி சேர்த்து எவ்வளவுங்க?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "இருங்க சார், பாத்து சொல்றேன்." விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "இன்னும் பில் போடாதது 227 இருக்கு சார். மொத்தம் 10,067."

அந்த 227 ரூபாயைக் கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த வருடம் அது எவ்வளவு ஆகியிருக்கும் என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். அங்கேயே கட்டினேன். கணக்கை மூடச் சொல்லித் தனியாக ஒரு கோரிக்கை பதிவு செய்து, அதன் எண்ணை வாங்கி எழுதிக்கொண்டேன். சில வாரத்தில் 'பாக்கி இல்லை' என்று கடிதம் வந்தது. அதை அச்செடுத்து, மனைவியின் பீரோவில், வளையல் இருக்கும் பெட்டியில் வைத்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்.

நாஞ்சிக்கோட்டை சாலை வீடு எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முன்பணம் கொடுத்து வேறு ஒருவர் முடித்துவிட்டார். வங்கி மேனேஜர், ஆறேழு மாதம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்த ஆறேழு மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டுகளுக்குப் புது விதிமுறைகளை வெளியிட்டது. கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி கொடுக்க வேண்டும். தபாலில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் கொடுத்துவிட்டு, முப்பது நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்பது அந்த வருடம் அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது.

செய்தியைப் படித்தபோது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஆற்றாமையாக இருந்தது. விதிகளை முழுசாகப் படித்த பிறகு அந்த ஆற்றாமைக்கும் இடமில்லாமல் போயிற்று. ஒரு நாளைக்கு ஐந்நூறு என்பது, பாக்கி ஏதும் இல்லாத கணக்கை, கேட்டும் மூடாமல் வைத்திருந்தால்தான். என் கணக்கில் 793 ரூபாய் பாக்கி இருந்தது. மூடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அந்த விதி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாலும், கத்தரிக்கோலோடு காலி வகுப்பறையில் நின்ற ஆளுக்கு அது ஒன்றும் செய்திருக்காது.

சிபில் மாதிரி கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு இருக்கின்றன. நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017-லிருந்து இருக்கிற ஏற்பாடு. 2021-ல் ஏதாவது ஒரு மாதம் அதைப் பார்த்திருந்தால், 021-லோ 051-லோ பிடித்திருக்கலாம். இப்போது ஜனவரி பிறந்தால் எடுத்துவிடுகிறோம். முதலில் அவள் படிக்கிறாள், பிறகு நான். பில்கள் வருகிற ஈமெயிலும் இப்போது இரண்டு பேர் போனிலும் இருக்கிறது. மாமனாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அந்தத் தகரம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியை ஒரு முறை மாற்றினார், அவர் காசில்.

2022 அக்டோபரில் வேறொரு வீட்டுக்குக் கடன் கிடைத்தது. அதற்குள் ரெப்போ வட்டி ஏறியிருந்தது. அது எல்லோருக்கும் பொது. எனக்கு மட்டும், ஸ்கோர் குறைவு என்பதற்காக, அதற்கு மேல் அரை சதவீதம். எட்டரைக்குக் கிடைக்கவேண்டிய கடன் ஒன்பதுக்கு. இருபத்தைந்து லட்சத்துக்கு இருபது வருடத் தவணை 21,696 ஆக இருந்திருக்கும். 22,493 ஆயிற்று. ஸ்கோர் இப்போது தேறிவிட்டது. வட்டியைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். குறைக்காவிட்டால் கடைசித் தவணை 2042-ல், நான் ஓய்வு பெறும் வருடம்.

இரண்டு தவணைக்கும் வித்தியாசம் 797 ரூபாய். கேட்காமல் விட்ட அந்த 793 ரூபாயை, நாலு ரூபாய் சேர்த்து, மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.